தலையாட்டிவிட்டு வந்த மகனுக்கு

ஏழுமலை, அம்மா எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் பிரிக்காதே. ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. எதிரே உட்கார்ந்து பேசினால் பாதி உனக்குக் கேட்காது, மீதிப் பாதியை நீயே ஊகித்துக்கொள்வாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனவள் இத்தனை பக்கம் எழுதுகிறேன் என்றால், ஒரு வார்த்தைகூட உன்னைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். சரோஜாவும் படிக்கட்டும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய சார் கேட்டால் அவரிடமும் கொடு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நேற்று உன் பெண்டாட்டி தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது நான் வாசலில் எறா உரித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நாளில் பிள்ளையை எதற்கு இழுத்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டேன். சரோஜா நின்றபடியே சொன்னாள்.

"இனிமே ஸ்கூலுக்கு அனுப்ப வேணாம்னுட்டாரு அத்தே பெரிய சாரு. பேரை எடுத்துட்டாங்க. இவளுக்குக் காது மந்தமாம், இவளால மத்த புள்ளைங்க பாடம் கெடுதாம்."

"நீ சும்மாவா வந்தே?"

"நான் போய்க் கேட்டேன். உங்க ஊட்டுக்காரரைக் கூப்ட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா, சரி சரின்னு தலையாட்டிக்கினு போனாரே, நீ இன்னா புதுசா வந்து கேக்கறேன்றாரு. ஊட்டுக்கு வந்து இவரைக் கேட்டா, சாரு இன்னா சொன்னாருன்னே எனக்குக் கேக்கலன்றாரு."

சரோஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. தேவிதான் என் தோளைத் தட்டினாள். "ஆயா, எறாவ ஏன் கீழ போடுற?" என்றாள். பார்த்தால், உரித்த எறாவெல்லாம் மணலில் கிடக்கிறது, ஓடெல்லாம் சட்டியில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பெரிய மனுஷிகள் பார்க்காததை அவள் பார்த்தாள். அந்தப் பிள்ளையைத்தான் மந்தம் என்று அனுப்பியிருக்கிறார்கள். அதற்குத்தான் நீ தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய்.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிமிஷம்வரை அது இறங்கவில்லை. பெரிய சார் அப்படிச் சொன்னதுகூட எனக்கு அதிசயமில்லை. வாத்தியார்களில் அப்படியும் உண்டு, இப்படியும் உண்டு. என் வயிற்றில் பிறந்தவன், பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்துக்காக நாங்கள் என்ன பாடு பட்டோம் என்று அறிந்தவன், தன் பெண்ணின் இடத்தை ஒரு தலையாட்டலில் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தான் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அறிந்தவன் என்று எழுதிவிட்டேன். பிறகு யோசித்தேன், உனக்கு அது தெரியுமா? அப்போது நீ சின்னப் பையன். கூட்டத்தில் பேசினது எதுவும் உன் காதில் விழுந்திருக்காது. பிறகு யாரும் உனக்கு எழுதிக் காட்டவும் இல்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

நீ மூன்றாம் வகுப்புக்குப் போகும்வரை உனக்குக் காது மந்தம் என்று இந்தக் குப்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பெற்றவளுக்குத் தெரியாதா என்பார்கள். நம் பிழைப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அது விளங்கும். ஏரியில் காற்று அடிக்கும்போது ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்தினால் குரல் தண்ணீரிலேயே விழுந்துவிடும். அதனால் நம் ஆட்கள் கையால்தான் பேசுவார்கள். துண்டைச் சுழற்றினால் வலையை இழு என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் அங்கே ஆழமில்லை. கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. சோறு ஆச்சா, உப்பு வேணுமா, ஆள் வருகிறானா, எல்லாவற்றுக்கும் கைதான். அதிலும் வலை வளைக்கும்போது படகில் பேச்சே கூடாது, மீன் கலைந்துவிடும். வாயாடிப் பிள்ளையைப் படகில் ஏற்றமாட்டார்கள். நீ வாய் திறக்காமல் எல்லார் கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பாய். நாலு வார்த்தைதான் பேசுவாய். அதற்கு ஊரே உன்னை மெச்சியது. "இவன்தான்யா வலைக்குப் பொறந்தவன், மூச்சு காட்டமாட்டான்" என்பார்கள். உன் நைனாவுக்கு அதில் பெருமை தாங்காது. எனக்கும்தான். பெருமைப்பட்டோம் ஏழுமலை. அதுதான் கொடுமை.

ஒரு நாள் நீ சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனாய் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடம் என்பது ஓலைக் கொட்டகைதான், ஒரே வாத்தியார். பிள்ளைகள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நீ கடைசிப் பலகையில் இருந்தாய், என் கைக்கெட்டும் தூரம். "ஏழுமல" என்றேன். நம் வீட்டில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட நினைவே எனக்கு இல்லை. தோளைத் தொடுவோம், இல்லையென்றால் கையை ஆட்டுவோம். அன்றைக்குத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கொட்டகை முழுக்கத் திரும்பியது. வாத்தியார் திரும்பினார். முன் பலகையில் இருந்த பிள்ளைகள் திரும்பினார்கள். நீ திரும்பவில்லை. அவர்கள் எல்லாரும் உன் தலைக்கு மேலே எதையோ பார்க்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மெதுவாகத் திரும்பினாய். என்னைக் கண்டதும் சிரித்தாய்.

வாத்தியார் வெளியே வந்து என்னிடம் சலித்துக்கொண்டார். "தினமும் இதே கதைதாம்மா. கேட்டதுக்குப் பதில் வராது. புரிஞ்சுதாடான்னா மட்டும் தலையை நல்லா ஆட்டுவான். சரியான அழுத்தக்காரன்." அழுத்தக்காரன் என்று நினைத்துத்தான் பிரம்பால் அடித்திருக்கிறார். கால் கெண்டையில் நீ காட்டிய தழும்பைப் பார்த்து, நண்டுக் கொடுக்கு கிழித்தது என்று நான் மஞ்சள் வைத்திருக்கிறேன். தூக்கு என் கையில் சாய்ந்ததைக்கூடப் பார்க்கவில்லை. தூக்கில் இருந்த குழம்பு என் புடவையில் கொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார்தான் எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

அவரும் கெட்டவர் இல்லை. உனக்குக் காது கேட்கவில்லை என்று நான் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. மெட்ராஸில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம், விசாரித்துச் சொல்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். உனக்கு முழுக்கக் கேட்காமல் இல்லை, முகத்தைப் பார்த்தால் பாதிப் பேச்சைப் பிடித்துக்கொள்வாய், இங்கேயே படிப்பாய் என்று சொன்னேன். அது ஒரு காரணம். உன்னை விட்டு இருக்க முடியாது என்பது இன்னொரு காரணம். எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அங்கே போயிருந்தால் கையால் பேசுகிற சிநேகிதர்கள் உனக்கு நிறையக் கிடைத்திருப்பார்கள். தேவி விஷயத்தில் என்னைப்போல் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்காதே. ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு வா. பிறகு நீயும் சரோஜாவும் முடிவு செய்யுங்கள். ஆனால் அதை முடிவு செய்யவேண்டியவர்கள் நீங்கள். வாசலில் நிற்கவைத்துப் பேரை அடிப்பதற்குப் பேர் முடிவு இல்லை.

இங்கேயே படிக்க வேண்டுமானால் முன் பலகையில் உட்காரவேண்டும், வாயைப் பார்க்கவேண்டும் என்றார் வாத்தியார். அப்படியானால் உட்காரவையுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "உனக்குத் தெரியாததா, அந்தப் பலகை உங்க ஊர்ப் பலகைம்மா, என்னுது இல்ல" என்றார். கோயிலில் யாருக்கு முதல் மரியாதையோ, யாருக்கு இரண்டாவதோ, அதே வரிசையில்தான் அவரவர் வீட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள். வாத்தியார் அசலூர்க்காரர். அவர் இருக்க வீடு கொடுத்தது ஊர், மீன் கொடுப்பது ஊர். நமக்குக் கோயில் வரிசையில் கடைசி இடம். கடைசிப் பலகை அப்படித்தான் உனக்கு வந்தது.

உன் நைனாவிடம் சொன்னேன். "படகுக்குப் போறவனுக்குப் பலகை எதுக்குடி? விடு" என்றார். நான் சோறாக்குவதை நிறுத்திக்கொண்டேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பைக் கையால் காட்டினேன். "பேஜாரு பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் போய் ஊர்க்கூட்டத்தில் நின்றார்.

கூட்டத்தில் பெண்கள் பேசக்கூடாது. வலை காயப்போடுகிற கழிகளுக்குப் பின்னால் நின்று கேட்கலாம். நின்றேன். ஊர்த் தலைவர் உன் நைனா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இன்னிக்குப் பலகைம்ப. நாளைக்குக் கோயில்ல மொதத் தேங்காய எனக்கு ஒடைன்னுவ. அப்டித்தான?"

"அதில்ல பெரியப்பா, பையனுக்குக் காது..."

"காது கேக்காதவன் எங்க ஒக்காந்தா இன்னாடா?" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். கொஞ்சம் யோசித்து, "பாடு மாத்தற மாதிரி பலகையையும் மாத்திக்கலாம். ஆளுக்கு ஒரு நாளு முன்னால ஒக்காரட்டும். யாருக்கும் கொறை இல்ல" என்றார். பாடு உனக்குத் தெரியும், இதைப் படிக்கிற பெரிய சாருக்குத் தெரியாது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பது. அதில் ஏழை பணக்காரன் கிடையாது, அவரவர் முறை வந்தால் நல்ல இடம் கிடைக்கும். அதனால் தலைவர் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. நல்ல தீர்ப்பு என்றார்கள். உன் நைனாவும் தலையாட்டினார். காது நன்றாகக் கேட்கிற மனுஷன், ஏழுமலை. அக்கரையில் துடுப்பு போடுகிற சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லுவார். அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் என் வாய் திறந்துகொண்டது. கழியைப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

"வல போடற பாட்டுக்குத்தான் மொறை. படகுல ஒக்கார்றதுக்கு மொறை வெச்சுக்கினா போறீங்க? கண்ணு தெரியறவன்தான முன்னால நிக்கிறான்? கண்ணு மங்குனவன ஒரு நாளைக்கு முன்னால நிறுத்திப் பாருங்க, படகு எங்க போய் சொருகுதுன்னு. அவனவனுக்கு எங்க வேல ஓடுமோ அங்கதான ஒக்கார வெக்கறீங்க. காது கேக்கற புள்ள எங்க ஒக்காந்தாலும் படிக்கும். எம்புள்ள அங்க ஒக்காந்தாதான் படிக்கும். ஒரு நாளைக்குப் படிச்சிட்டு மறு நாளைக்குப் பொம்மையா ஒக்காரச் சொல்றீங்களா?"

நானே பயந்துபோனேன். உன் நைனா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் முகம் எப்படியோ ஆனது. "பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன்லாம் கூட்டத்துக்கு வந்துட்டான்" என்றார். அந்தச் சமயத்தில் ஒரு தாத்தா இருமினார். ஒரு காலத்தில் படகின் முன்னால் நின்று மீன் வருவதைச் சொன்னவர். கண் மங்கின பிறகு அவரைப் பின்னால் துடுப்புக்கு மாற்றிவிட்டார்கள். "அவ சொல்றது நெசந்தான்டா. எனக்குக் கண்ணு போனப்ப என்னைத் தூக்கிப் பின்னால போட்டீங்களே, அன்னிக்கு மொறையா பாத்தீங்க?" என்றார். அந்த மனத்தாங்கல் அவருக்கு வெகுநாளாக இருந்திருக்கும்போல. மறுபடி எல்லாரும் சிரித்தார்கள், இந்தத் தடவை வேறு சிரிப்பு.

முன் பலகை உனக்கு என்று தீர்ந்தது. பெண்பிள்ளை கூட்டத்தில் பேசிய குற்றத்துக்கு நமக்கு அடுத்த பாடு இல்லை என்றும் தீர்ந்தது. எறா நன்றாக ஓடுகிற சமயம். நம் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. உன் நைனா என்னோடு பேசாமல் வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார். உன்னை முதன்முதலாக முன் பலகையில் உட்காரவைக்கக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் வாயைத் திறந்தார். "ஒரு பாடு எறாவத் துன்னுட்டு வந்த பலகை அது. ஒழுங்கா ஒக்காரச் சொல்லு" என்றார்.

உட்கார்ந்தும் முதலில் உனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனைக்கும் பிறகு இதுவும் வீணா என்று நினைத்தேன். நீதான் உன் மேலுதட்டைத் தொட்டு, விரலால் மூடிக் காட்டினாய். வாத்தியாருக்கு அடர்ந்த மீசை. வாய் அசைவதே தெரியவில்லை. இதை எப்படிப் போய் ஒரு மனுஷனிடம் கேட்பது? கேட்டேன். வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மழித்துக்கொண்டு வந்து நின்றார். குப்பமே வேடிக்கை பார்த்தது. "எத்தனையோ ஊர்ல வேலை பார்த்துட்டேன், மீசையைக் கேட்ட ஊரு இதாம்மா" என்றார். பிறகு கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிற பழக்கத்தை விட்டார். எழுதி முடித்து, திரும்பி, உன்னைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் இருந்த பிள்ளையை உன் புத்தகத்தில் வரியை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். அவ்வளவுதான். வேறு எந்த வித்தையும் இல்லை. அந்த வருஷமே நீ எழுத்துக்கூட்டிப் படித்தாய். பிறகு பொன்னேரிக்குப் போய் எட்டாவது முடித்தாய். இன்று கம்பெனியில் வரைபடத்தைப் பார்த்து இரும்பை அறுக்கிறாய். இந்தக் கடுதாசியைப் படிக்கிறாய்.

இப்போது தலையாட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். உன் கல்யாணப் பந்தியில் ரசமா மோரா என்று கேட்டவனுக்கு நீ இரண்டுக்கும் தலையாட்டி, இரண்டையும் ஒரே இலையில் வாங்கிக் குழைத்துச் சாப்பிட்டாய். சரோஜா வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன ருசியோ என்று பார்த்தார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு அது சிரிப்பு. ஆனால் அது காதினால் வந்த பழக்கம் மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. உன் நைனா கூட்டத்தில் ஆட்டியதும் அதே தலைதான். பெரியவர்கள் முன்னால் நின்றால் நம் கழுத்து தானாக ஆடுகிறது. உனக்கு அதோடு இன்னொன்றும் உண்டு. உன் பேச்சில் கடைசி எழுத்துகள் விழுந்துவிடும், குரல் மூக்கில் போகும். வேலைக்காகக் கும்மிடிப்பூண்டி போனபிறகு யாரோ சிரித்திருக்கிறார்கள், அதிலிருந்து நீ வெளி ஆட்களிடம் வாயே திறப்பதில்லை என்று சரோஜா சொன்னாள். இதையும் நேற்றுத்தான் கேட்டேன். கம்பெனியில் மெஷின் சத்தத்தில் எல்லாரும் கையால் பேசுவார்கள், அங்கே உனக்குக் குறையில்லை. பள்ளிக்கூட ஆபீஸ் அறையில் மெஷின் ஓடாது. அங்கே பேசித்தான் ஆகவேண்டும்.

நாளைக்கே போ. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல். "திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று சொல். பத்து தடவை சொல்லவேண்டியிருந்தாலும் சொல். தேவிக்கு வேண்டியது பெரிய காரியம் இல்லை என்று சொல். முன்னால் ஒரு இடம், வெளிச்சம் டீச்சர் முகத்தில் விழுகிற மாதிரி. டீச்சர் அவளைப் பார்த்துப் பேசவேண்டும். பக்கத்தில் நல்ல மனசுள்ள ஒரு பிள்ளை இருக்கவேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதித் தரச் சொல், பொன்னேரியில் ஸ்கூல் இன்ஸ்பெக்டரிடம் காட்டுகிறோம் என்று சொல். கோபமாகச் சொல்லவேண்டாம். அவரும் எத்தனையோ பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவராக இருக்கலாம். ஒரு மீசைக்காரர் திருந்தினார், இவரும் திருந்தலாம். திருந்தாவிட்டாலும் நாம் கேட்டோம் என்பது அவருக்குத் தெரியவேண்டும்.

நான் வந்து பேசட்டுமா என்று சரோஜா கேட்டாள். வருவதற்குக் கால் துடிக்கிறது. கூட்டத்திலேயே பேசியவளுக்கு ஒரு ஆபீஸ் அறை பெரிதா? ஆனாலும் வரமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே வந்ததிலிருந்து தேவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது. காலையில் நாஷ்டா சாப்பிடும்போது, "அப்பா பெரிய சாருகிட்ட இன்னா பேசுனாரு?" என்று கேட்டேன். அன்றைக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். வாயில் வைத்த இட்லியோடு தலையை மட்டும் மெதுவாக ஆட்டிக் காட்டினாள். உன்னைப் போலவே ஆட்டினாள். அதை நான் வந்து பேசி மாற்ற முடியாது.

சரோஜாவோடு அவளையும் இந்தக் கடுதாசியையும் அனுப்புகிறேன். போகும்போது அவளையும் அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போ. பக்கத்தில் நிற்கவை. உன் குரல் எப்படி வேண்டுமானாலும் வரட்டும், எத்தனை எழுத்து வேண்டுமானாலும் விழட்டும், அவளுக்கு அது தெரியப் போவதில்லை. பெரிய சார் பேசி முடித்ததும் அவள் அவரைப் பார்க்கமாட்டாள். நிமிர்ந்து உன் வாயைப் பார்ப்பாள். அது திறந்திருக்கட்டும்.

உன் அம்மா